நிரல் இயங்காத உலாவியும் தாராவிச் சரக்கும்

தாராவியின் தோல் தொழிலில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்களுக்குப் பெரும்பங்குண்டு. தோல் பதனிடுதல் பெரும்பாலும் அங்கிருந்து அகன்றுவிட்ட போதிலும், பையும் இடைவாரும் தைக்கும் பட்டறைகள் நிலைத்திருக்கின்றன. கும்பார்வாடாவில் சௌராஷ்டிரக் குயவர்களின் சூளைகள் உள்ளன. இச்சரக்கை இணையக் கடையில் நேரே விற்றால் இடைத்தரகரின் பங்கு குறைய வாய்ப்புண்டு. ஆனால் வாங்குபவர் கடைசிப் பொத்தானை அழுத்தியும் எதுவும் நிகழாவிடில் விற்பனை நழுவுகிறது; நழுவியது பட்டறைக்குத் தெரியவும் வராது.

இதற்கு ஒரு காரணம், ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரல் வாங்குபவரின் உலாவியை வந்தடையாமை. நிரலை வேண்டுமென்றே நிறுத்தி வைப்போர் சிலரே, அவர்களுக்காக ஏன் செலவிட வேண்டும் என்று கேட்பதுண்டு. பிரிட்டிஷ் அரசின் டிஜிட்டல் சேவைத் துறை 2013-இல் கணக்கெடுத்தபோது 1.1 சதவீதத்தினருக்கு நிரலின் பயன் கிட்டவில்லை. நிறுத்தி வைத்திருந்தோர் 0.2 சதவீதமே. எஞ்சிய 0.9 சதவீதத்தினர், நிரலை ஏற்கும் உலாவி இருந்தும் அதனைப் பெறாதவர்கள். தொடர்பு பாதியில் அறுவதும் அலுவலக வலைப்பின்னல் தடுப்பதும் இத்தகைய இழப்பை உண்டாக்கக் கூடியவை. ஆகவே இது பிடிவாதக்காரர் சிலரின் பிரச்சினையன்று.

பரிகாரம் புதியதுமன்று. 1995-இல் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 தரத்திலேயே படிவம் இடம்பெற்றுவிட்டது. பொருள், எண்ணிக்கை, முகவரி ஆகியவற்றை நிரப்பி அனுப்பினால், கடையின் சர்வர் கூட்டிச் சரிபார்த்து அடுத்த பக்கத்தை அனுப்பும். பிழை இருப்பின், நிரப்பியவற்றை அழிக்காமல் அதே படிவம் திரும்ப வரவேண்டும். நிரல் வந்து சேர்ந்தால் தொகையை உடனுக்குடன் காட்டட்டும். வராவிடினும் வியாபாரம் நிற்கலாகாது.

பணம் செலுத்தும் கட்டமே கடினமானது. அட்டை வழியே செலுத்தும் சில வாயில்கள் நிரலின்றி இயங்குவதில்லை. அதனைக் கடைக்காரர் மாற்ற இயலாது. எனினும் பணத்துக்கு முன்பே ஆர்டர் எண்ணைப் பதிவு செய்து தரலாம். பொத்தானை இருமுறை அழுத்தினாலும் அவ்வெண்ணுக்கு ஒருமுறையே தொகை வசூலாகுமாறு சர்வர் காக்கலாம். யு.பி.ஐ. முகவரியை எழுத்திலும் குறியீட்டைப் படமாகவும் காட்ட நிரல் தேவையில்லை. பொருளைப் பெறும்போது பணம் தரும் வழியும் உண்டு. சாதாரணக் கைபேசி வைத்திருப்போருக்கென 2022 மார்ச்சில் யு.பி.ஐ. 123பே தொடங்கப்பட்டது. பணம் செலுத்துவதில் காட்டப்பட்ட இந்தக் கரிசனம் ஆர்டர் படிவத்துக்கு இன்னும் எட்டவில்லை என்பது வியப்பே.

டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் விதி தரும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு வங்கிகளின் அடையாளச் சரிபார்ப்பைப் பற்றியது, கடைகளைப் பற்றியதன்று. எனினும் சிறுதொழிலுக்கு அரசுப் பணத்தில் விற்பனைத் தளம் அமைக்கும் அலுவலர் இதனை மனத்திற் கொள்வது நலம். தளத்தை ஏற்குமுன், உலாவியில் நிரலை நிறுத்திவிட்டு, மலிவான கைபேசியிலிருந்து ஒரு தோல் பையை ஆர்டர் செய்து பார்க்கலாம். ஆர்டர் எண் கிட்டிய பின்னரே ஒப்பந்தக்காரரின் பட்டியலுக்குப் பணம் வழங்கலாம்.