ஒப்பரேசனுக்கு முன் உடம்பைத் தயார்படுத்துவோம்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி பற்றிப் பேசும் இந்த இடத்தில் இன்று ஆண்களின் நோய் ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம். வெட்கப்பட்டு மறைக்கிறோம் என்பதால்தான் கூட்டத்தில் வைத்தே பேச வேண்டியிருக்கிறது.

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே புரொஸ்டேட் என்ற சிறிய சுரப்பி இருக்கிறது. வயது போகப் போக அது பெருக்கலாம். சிலருக்கு அதில் புற்றுநோயும் வரலாம். இரவில் பல தடவை எழும்புவது, நீர் சொட்டுச் சொட்டாகப் போவது எல்லாம் புற்றுநோய்தான் என்றில்லை. ஆனால் "வயசானால் அப்படித்தான்" என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

புற்றுநோய் என்று உறுதியாகி ஒப்பரேசன் செய்ய முடிவானால், பெரும்பாலும் சில வாரங்கள் இடைவெளி கிடைக்கும். அந்த வாரங்களை வீணாக்கக் கூடாது. இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் புண் ஆறச் சுணங்கும், கிருமி தொற்றும். சீனியோ பிரஷரோ அதிகமென்றால் ஒப்பரேசனையே தள்ளிப்போடுவார்கள். திரும்பவும் பஸ் காசு, திரும்பவும் ஒரு நாள் பேர் போய்விடும்.

எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனை கடந்த 2, 3 மாதச் சீனியின் அளவைக் காட்டும். கிளினிக்குக்கு முதல்நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது.

நம் தேத்தண்ணியையே கணக்குப் பார்ப்போம். ஒரு கோப்பைக்கு 3 தேக்கரண்டி சீனி, நாளைக்கு 6 கோப்பை என்றால் 18 தேக்கரண்டி. சுமார் 72 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு ஏறக்குறைய 50 கிராம்; 25க்குள் நின்றால் இன்னும் நல்லது. சர்க்கரை கடித்துக் குடித்தாலும் அதுவும் இனிப்புத்தான்.

அடுத்தது கோதுமை மா. மூன்று ரொட்டி சாப்பிடும் இடத்தில் இரண்டாக்கி, பருப்பு, கடலை, முட்டை, கீரை சேர்ப்போம். புண் ஆறப் புரதம் வேண்டும். கருவாட்டை ஊறவைத்துக் கழுவிச் சமைப்போம். பிரஷருக்கு உப்பு எதிரி.

பட்டினி கிடந்து உடம்பை இளைக்க வைக்கவும் கூடாது. சீனிக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்டுத்தான் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். சீனி திடீரென இறங்கினால் மயக்கம் வரும். நாட்டு மருந்து குடித்தால் அதையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

சிகரெட், பீடியைக் குறைந்தது 4 வாரத்துக்கு முன்பே நிறுத்துவோம். சாராயமும் வேண்டாம். பென்சன் எடுத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் ஐயாமார், டாக்டர் தடுக்காவிட்டால், தினம் அரை மணி நேரம் நடக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். சாப்பாடு புற்றுநோயைக் குணமாக்காது. பத்தியம் இருக்கிறோம் என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்தப் பாரம் முழுவதும் வீட்டுப் பெண்கள் தலையில் விழவும் கூடாது. தோட்ட டிஸ்பென்சரியில் மாதம் ஒருமுறை சீனியும் பிரஷரும் பார்க்க வேண்டும். கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. இவ்விரண்டையும் சங்கக் கோரிக்கையில் சேர்ப்போம்.

கிளினிக் துண்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து விளங்காவிட்டால், பாடசாலை விட்டதும் கொண்டு வாருங்கள். நாங்கள் வாசித்துச் சொல்கிறோம். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள்; கூட வருகிறோம்.