காய்ச்சல் வலிப்பு மறுபடியும் வருமா?

பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பொது மருத்துவமனைக்குக் காரில் சில நிமிடம்தான். ஆனால் நள்ளிரவில் கைக்குழந்தைக்குக் காய்ச்சலோடு இழுப்பு வந்துவிட்டால், தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முதலில் தேடுவது கார் சாவியை அல்ல. குழந்தையின் கையில் திணிக்க ஓர் இரும்புச் சாவியை! வாயில் வைக்கக் கரண்டி எடுத்து ஓடுவார் இன்னொருவர். இரண்டும் வேண்டாம். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 999. முதல் வலிப்பு என்றால், நின்ற பிறகும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். மூளைக்காய்ச்சல் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

குழந்தை வீடு திரும்பிய பிறகுதான் பெற்றோரின் தூக்கம் போகிறது. மறுபடியும் வருமா? மூன்றில் ஒரு குழந்தைக்கு வருகிறது. முதல் வலிப்பு 1 வயதுக்குள் வந்திருந்தால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ சிறுவயதில் வந்திருந்தாலும் வாய்ப்புக் கூடும். இதில் ஒரு விசித்திரம், 40 டிகிரியில் வலிப்பு வந்த குழந்தையைவிட 38 டிகிரியிலேயே வந்த குழந்தைக்குத்தான் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் ஓராண்டுக்குள் வந்துவிடும். 5, 6 வயதில் ஓய்ந்துவிடும்.

இதற்குப் பயந்து, உடம்பு லேசாகச் சுட்டாலே பாரசிட்டமால் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது குழந்தையின் அலுப்பைக் குறைக்கும். அடுத்த காய்ச்சலில் வலிப்பு வராமல் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பல வீடுகளில் வலிப்பு வந்த பிறகுதானே காய்ச்சல் இருப்பதே தெரிகிறது! அளவு மீறினால் கல்லீரலுக்குக் கேடு.

தினமும் வலிப்பு மருந்து கொடுத்தால் என்ன? பீனோபார்பிட்டால் தொடர்ந்து கொடுத்த குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்ததை 1990இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சாதாரண காய்ச்சல் வலிப்புக்குத் தினசரி மருந்து வேண்டாம் என்பதே இன்றைய மருத்துவர்களின் வழி. வலிப்பு நீண்ட நேரம் நீடிக்கும் குழந்தை என்றால், ஆசனவாய் வழியாகச் செலுத்தும் டயாசிபாமை வீட்டில் வைத்துக்கொள்ள மருத்துவரே கொடுப்பார். செலுத்தும் முறையையும் காட்டித் தருவார்.

காக்காய் வலிப்பாகிவிடுமோ என்ற பயம் வேறு. பெண் குழந்தை என்றால் தொட்டிலிலேயே கல்யாணக் கவலை! அமெரிக்காவில் 1,706 குழந்தைகளை 7 வயதுவரை கவனித்து 1976இல் வெளியான ஆய்வில், மிகப் பெரும்பாலோருக்கு அந்த நோய் வரவே இல்லை. ஆனாலும் ஊருக்குப் பயந்து விஷயத்தை மூடி வைக்கிறார்கள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் பாலர் பள்ளி ஆசிரியைக்கும்கூடச் சொல்வதில்லை. அடுத்த வலிப்பு வரும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.