விக்கல் நிற்காத இரவு



நான் டாக்டர் இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு தானா ராத்தாவில் பழக்கடை நடத்துகிறவன். பேச வந்திருப்பதும் என் கடைப் பழம் ஒன்றைப் பற்றித்தான்.

தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர். மலைக்குக் கீழேயிருந்து அன்றுதான் பெலிம்பிங் வந்திருந்தது. "நல்லா இனிக்கும் மாமா" என்று இரண்டைக் காசு வாங்காமல் பையில் போட்டேன்.

அன்றிரவே விக்கல். தண்ணீர் கொடுத்தார்கள், சீனி கொடுத்தார்கள், நிற்கவில்லை. விடிவதற்குள் பெற்ற மகனையே யாரென்று கேட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "பெலிம்பிங் சாப்பிட்டாரா?" என்றார். மாமி சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த நட்சத்திரப் பழத்தில் கேரம்பாக்சின் என்ற நச்சு இருக்கிறது. பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் அதை அடையாளம் கண்டார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. அது இரத்தத்தில் தங்கி மூளையைத் தாக்கும். விக்கல், வாந்தி, தடுமாற்றம், பிறகு வலிப்பு. உயிரும் போகலாம். சிலருக்கு அரைப் பழமே போதும்.

உடனே டயாலிசிஸ் செய்தார்கள்; அடுத்தடுத்த நாட்களிலும் செய்தார்கள். பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். மாமி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது பெலிம்பிங் தட்டின் மேல் தமிழிலும் மலாயிலும் எழுதிய அட்டை இருக்கிறது. வியாபாரம் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. இனிப்பு நீர், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சிறுநீரகத்துக்கும் இரத்தப் பரிசோதனை எடுங்கள். சிறுநீரக நோயாளிக்கு விக்கல் நிற்கவில்லையென்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். என்ன பழம் சாப்பிட்டார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.