மலைநாட்டுக் குடும்பமும் இருவகை ஆற்றல் வண்டியும்



பதுளை மாவட்டத்தின் தென்மேற்கு எல்லையில், கொழும்பிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது ஹல்துமுல்லை. அங்கிருந்து பெரகலைச் சந்தியைக் கடந்து அப்புத்தளைக்குப் போவதானால் ஏற்றம். பெலிஹுல்ஓயா, பலாங்கொடைப் பக்கம் போவதானால் இறக்கம். இத்தகைய ஊரில் வாழும் குடும்பத்தினர் வண்டி வாங்கும்போது, சமவெளியில் வாழ்வோர் கேளாத சில கேள்விகளைக் கேட்டல் வேண்டும்.

2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் மக்கள் பேச்சில் அடிபடும் வண்டிகளுள் ஒன்று 'பிளக்-இன் ஹைபிரிட்'. சாதாரண ஹைபிரிட் வண்டி தன் பற்றரியைத் தானே நிரப்பிக்கொள்ளும். இதுவோ அதனினும் பெரிய பற்றரி உடையது. வீட்டு மின்சாரத்தாலும் நிரப்பலாம். சில மைல் தூரம் மின்சாரத்தால் ஓடி, அது தீர்ந்ததும் பெற்றோலால் ஓடும்.

இதனை வாங்க எண்ணுவோர் தம்மையே கேட்க வேண்டிய முதற் கேள்வி, நாள்தோறும் வண்டியை மின்சாரத்தில் இணைப்போமா என்பதே. ஐரோப்பிய ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இவ்வகை வண்டிகள் சாலையில் செலவிட்ட எரிபொருள், பரிசோதனைக்கூடக் கணக்கைப் போலச் சராசரியாக மூன்றரை மடங்கு. எதிர்பார்த்த அளவுக்கு அவற்றை மின்னேற்றி ஓட்டாமையே இதற்கு முக்கிய காரணம். மின்னேற்றாது ஓட்டினால், அப்பெரிய பற்றரி வெறுஞ் சுமையாகிவிடும். ஏற்றச் சாலையில் அச்சுமைக்கும் பெற்றோல் கொடுத்தாக வேண்டுமன்றோ?

இரண்டாவது, மலையின் கணக்கு. 1500 கிலோ நிறையுள்ள வண்டியை 400 மீற்றர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டும் ஏறத்தாழ 1.6 யூனிட் ஆற்றல் வேண்டும். சாலையில் உருளும் செலவு வேறு. 2012 இல் வந்த டொயோட்டா பிரியஸ் பிளக்-இன் வண்டியின் பற்றரியோ 4.4 யூனிட் கொண்டது. ஆகையால் விற்பவர் கூறும் மின்தூரத்தை அப்படியே நம்பாமல், வண்டியை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தே தீர்மானித்தல் நன்று.

மலை வாங்கியதில் ஒரு பங்கைத் திருப்பியும் தரும். இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும்போது மோட்டாரே மின்சாரம் பிறப்பித்துப் பற்றரியை நிரப்பும். எனினும், நிரம்பிய குடத்தில் நீர் கொள்ளாது. பலாங்கொடைக்கு இறங்கப் போகும் காலையில் பற்றரியை முழுதும் நிரப்பாமல் சிறிது இடம் விட்டுவைத்தால், இறக்கம் தரும் ஆற்றல் வீணாகாது. பிரேக்குக்கும் சுமை குறையும். அப்புத்தளைக்குச் செல்லும் நாளில் முழுதும் நிரப்பலாம்.

மூன்றாவது, வீட்டு மின்னிணைப்பு. 8 யூனிட் பற்றரியைச் சாதாரணப் பிளக்கில் நிரப்ப நாலைந்து மணி நேரம் செல்லும். அவ்வளவு நேரம் தொடர்ந்து பாயும் மின்சாரத்தைத் தோட்டக் குவாட்டர்ஸ்களிலுள்ள பழைய வயர்கள் தாங்கா. அவை சூடேறித் தீப்பிடித்தலும் கூடும். வண்டிக்கென்று தனி வயரும், நல்ல நிலத்தொடுப்பும், ட்ரிப் சுவிட்சும் தேர்ந்த மின்வினைஞரைக் கொண்டு அமைத்தல் இன்றியமையாதது. நாளொன்றுக்கு 8 யூனிட் வீதம் 25 நாளைக்கு 200 யூனிட் சேரும். பாவனை பெருகப் பெருக யூனிட்டின் விலையும் ஏறும் கட்டண முறையில் இது பாரமாகலாம். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த விலை அறவிடும் நேரவாரிக் கட்டணம் தமது இணைப்புக்குக் கிடைக்குமா என்று மின்சார அலுவலகத்தில் விசாரித்தறிதல் வேண்டும்.

பழைய வண்டியாயின், பற்றரியில் எஞ்சியிருக்கும் கொள்ளளவைக் கருவிகொண்டு சோதிப்பித்து, அறிக்கையை எழுத்தில் பெறுக. தோட்டத்துக் கற்சாலைக்கு வண்டியின் அடிப்பாகம் போதிய உயரமுடையதா, மாற்றுச் சக்கரம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். பெரிய பற்றரிக்கு இடம் விடுவதற்காகச் சில வண்டிகளில் மாற்றுச் சக்கரமே வைக்கப்படுவதில்லை.

2022 ஆம் ஆண்டு ஒருவருக்கும் மறந்திராது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. மின்சாரமும் அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை துண்டிக்கப்பட்டது. இரு வழிகளும் ஒருங்கே அடைபடும் காலத்தில் எந்த வண்டியும் முழுக் காவலாகாது. ஆயினும், நள்ளிரவில் நோயாளியைத் தியத்தலாவை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல நேரும்போது, ஒன்று இல்லாவிடினும் மற்றொன்றால் ஓடும் வண்டி பேருதவியாகும். பற்றரி நிறைந்திருப்பினும் தாங்கியில் சிறிது பெற்றோல் எப்போதும் இருக்கட்டும்.

சுருங்கக் கூறின், நாட்பயணம் குறுகியதாகவும், வண்டி நிறுத்துமிடத்தில் பழுதற்ற மின்னிணைப்பு உள்ளதாகவும், இரவுதோறும் மின்னேற்றும் பழக்கம் உடையதாகவும் இருக்கும் குடும்பத்துக்கு இவ்வண்டி பொருந்தும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் சாதாரண ஹைபிரிட்டே சிக்கனமாகும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். மலையிலே ஓட்டும் வண்டிக்கும் அவ்வளவு உண்டு. பல்லாண்டுச் சேமிப்பைக் கொடுப்பதற்கு முன், ஒரு மாதம் தாம் எங்கெங்கே எத்தனை கிலோமீற்றர் போய்வருகின்றனர் என்பதை ஒரு கொப்பியில் எழுதிப் பார்ப்பவர் ஏமாற மாட்டார்.