எதிரெதிர் மேசைகள்

அலுவலகத்தைக் களமாகக் கொண்ட, வேட்கை மிகுந்த காதற் புதினங்களைப் பொழுதுபோக்கு நூல்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் பலரும் விரும்பிப் படிக்கும் ஒரு நூலைப் படித்தபின் எடைபோடுவதே திறனாய்வுக்கு அழகு. ஆஸ்திரேலிய எழுத்தாளர் சாலி தார்ன் எழுதி, 2016இல் வெளிவந்த 'தி ஹேட்டிங் கேம்' அவ்வாறு எடைபோடத் தக்க நூலாகும். அவருடைய முதற் புதினமாகிய இது, 2021இல் திரைப்படமாகவும் வந்தது.

இரண்டு பதிப்பகங்கள் ஒன்றாக இணைகின்றன. தலைவர்கள் இருவர், அவர்களுக்கு உதவியாளர்களும் இருவர். லூசி ஹட்டனும் ஜோஷுவா டெம்பிள்மேனும் எதிரெதிர் மேசைகளில் அமர்ந்து பணிபுரிகின்றனர். இமைக்காமல் முறைப்பதும், மற்றவரின் அசைவை அப்படியே செய்துகாட்டுவதும், நிருவாகத்திடம் முறையிடுவதும் அவர்களின் அன்றாட ஆட்டங்கள். இந்நிலையில் உயர்பதவி ஒன்று உருவாகிறது. இருவரும் அதற்குப் போட்டியிடுகின்றனர். மின்தூக்கியில் நிகழும் எதிர்பாராத முத்தம் ஒன்று பகையின் திரையை விலக்குகிறது.

நூலின் சிறப்புகள் இரண்டு. முதலாவது, காத்திருப்பு. கூடல் நெடுந்தொலைவு தள்ளிப்போகிறது. ஒரு பார்வையும் ஒரு சொல்லும் அதுவரை வெப்பத்தைச் சுமக்கின்றன. இரண்டாவது, சமநிலை. இவ்வகைக் கதைகள் பலவற்றில் ஆண் மேலாளன். பெண் அவன்கீழ் ஊழியம் செய்பவள். இங்கோ எவரும் எவருக்கும் மேலவர் அல்லர். ஆகவே லூசியின் இசைவு அச்சத்தில் பிறந்ததோ என்ற ஐயம் எழுவதில்லை.

எனினும் நெருடல் ஒன்று உண்டு. தமிழ் மரபில் ஊடல் காதலுக்குப் பின் வருவது. வள்ளுவர் தம் நூலை 'ஊடலுவகை' என்னும் அதிகாரத்தோடு நிறைவுசெய்தார். அன்பு உறுதியானபின் வரும் சினமே இனிக்கும். இப்புதினத்தில் பகை முன்னது, காதல் பின்னது. ஜோஷுவாவின் கடுமைக்கு அடியில் தொடக்கமுதலே அன்பு இருந்தது என்று ஆசிரியர் பின்னர் உணர்த்துகிறார். முடிவை அறிந்த வாசகர் அவனை மன்னித்துவிடலாம். உண்மையான அலுவலகத்தில், எதிர்மேசையிலிருந்து நாள்முழுதும் முறைக்கப்படும் பெண்ணுக்குக் கடைசி இயல் தெரியாது. கடுமையைக் காதலின் அடையாளமாகப் படிக்கக் கற்றுக்கொடுப்பது தீங்கற்ற பாடமன்று.

முடிவும் இருமனம் கொள்ளச் செய்கிறது. ஜோஷுவா வேறொரு பதிப்பகத்தில் பணியேற்று விலகுகிறான். காதலும் பதவிப் போட்டியும் ஒரே கூரையின்கீழ் வாழ இயலா என்ற உண்மையை ஆசிரியர் உணர்ந்திருக்கிறார். 2019இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம், ஊழியர் ஒருவரோடு இசைவான உறவு கொண்டமைக்காகத் தன் தலைமை அதிகாரியையே நீக்கியது. பதவி இடையே நின்றால் இசைவு மட்டும் போதாது என்பதற்கு அது சான்று.

ஆனால் அவன் விலகியதால் லூசி இழந்ததும் ஒன்றுண்டு. திறமையால் அவனை வெல்லத் துடித்தவள் அவள். போட்டியாளனே களத்தை விட்டகன்றபின், அந்த வெற்றி அவள் ஈட்டியதா, அவனுடைய அன்பளிப்பா? காதலைக் கனிவோடு முடித்துவைக்கும் நூல், உழைக்கும் பெண்ணின் இந்த வினாவுக்கு விடை கூறாமல் விடுகிறது.

நூல் தரும் மகிழ்ச்சி பொய்யன்று. இந்த வினாவும் பொய்யன்று. இரண்டையும் ஒருசேர ஏற்பதே இந்நூலுக்குச் செய்யும் நேர்மை.