இனவிருத்தி ஆராய்ச்சியும் உழைப்பாளி மக்களும்

(மணப்பாறையில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஊரில் மாட்டைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். ஆனாலும் மாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. மருதகாசி எழுதிய சினிமாப் பாட்டு 1957ல் வருவதற்கு முன்பே மணப்பாறை மாடு பெயர் வாங்கிய மாடு. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள், நடத்திப் பார்க்கிறார்கள். தரகர் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுகிறார். ஆனால் பசு வாங்க வந்தவர் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: எத்தனையாவது ஈத்து, இனிமேல் சினை பிடிக்குமா? பிடிக்காது என்று தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் அது பசு இல்லை, அடிமாடு.

இந்தக் கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டார்கள். பயிர் எப்படிப் பெருகுகிறது, கால்நடை எப்படிப் பெருகுகிறது, மனிதர் எப்படிப் பெருகுகிறார்கள் என்று நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அருமையான விஷயங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். விஞ்ஞானி பதில் தேடுகிறார். கேள்வியைக் கொடுக்கிறவர் பல சமயம் வேறொருவர். யார் கேள்வி கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பதிலால் நமக்கு நன்மையா, கஷ்டமா என்பது தீர்மானமாகிறது.

முதலில் சினை ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவில் இவானோவ் என்ற விஞ்ஞானி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரைகளுக்குச் செயற்கை முறையில் சினை உண்டாக்கிக் காட்டினார். 1930களில் சோவியத் கூட்டுப் பண்ணைகளில் ஆடுகளுக்கும் மாடுகளுக்கும் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். நம் நாட்டில் 1939ல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமாரன் என்பவர் முதன்முதலில் செய்தார். ஆனால் காளையின் விந்தை நெடுநாள் வைத்திருக்க வழியில்லை. உறைய வைத்தால் உயிரணுக்கள் செத்துப்போகும். 1949ல் இங்கிலாந்தில் போல்ஜ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு வழி கண்டார்கள். அதுவும் ஒரு புட்டி மாறிப்போன கதை. சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து எடுத்த புட்டியில் கிளிசரின் இருந்தது. அதைச் சேர்த்த விந்து உறைந்து இளகிய பிறகும் உயிரோடு இருந்தது. அதன் பிறகுதான் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில், திரவ நைட்ரஜன் உருளையில், காளையைக் கண்ணால் பாராமலே ஊர் ஊராகக் கொண்டு போக முடிந்தது. ஒரு மெல்லிய குழலில் இரண்டு கோடி உயிரணுக்கள். கிடேரிக் கன்றாகவே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தும் இப்போது வந்துவிட்டது.

இவ்வளவும் இருந்தும் நம் வீட்டுப் பசு ஏன் ஊசிக்கு மேல் ஊசி போட்டும் நிற்கவில்லை?

மாடு 21 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வருகிறது. வந்தால் அரை நாள், மிஞ்சினால் முக்கால் நாள். காலையில் கத்தினால் மாலையில் ஊசி போட வேண்டும். மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் போட வேண்டும். கத்தாத மாடும் உண்டு. கண்ணாடி போல வழிகிற கோழையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்க வேண்டியவர் யார்? வீட்டுப் பெண்பிள்ளைதான். அவர் விடியுமுன் நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்விட்டுப் பொழுது சாய்ந்து வருகிறவர். மாடு பருவம் காட்டுகிற நேரமெல்லாம் அவர் அடுத்தவர் வயலில் குனிந்து நிற்கிறார். இது ஒன்று. இரண்டாவது, தீவனம். பசும்புல்லும் தாது உப்பும் இல்லாமல் எலும்பு தெரிய நிற்கிற மாட்டுக்குச் சினைப்பை சரியாக வேலை செய்யாது. கன்று போட்ட பிறகு உடம்பு தேறினால்தான் மறுபடி பருவம் வரும். இது கால்நடை வைத்தியர் எல்லோருக்கும் தெரிந்த பாடம். மேய்ச்சல் புறம்போக்கு ஆக்கிரமிப்பில் போய்விட்டது; வைக்கோலைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. பாதிப் பட்டினி கிடக்கிற மாட்டை 'மலடு' என்று சொல்லித் தரகர் கையில் பிடித்துக் கொடுக்கிறோம். நிலமில்லாதவர் மாட்டுக்குத் தீவனம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு எந்த உருளையிலும் பதில் இல்லை.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இப்போது ஒரு சங்கதி. நீங்கள் நூற்கிற பஞ்சு எங்கிருந்து வருகிறது, அதன் விதை எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததுண்டா?

1970ல் சூரத் ஆராய்ச்சிப் பண்ணையில் சி.டி. படேல் என்ற விஞ்ஞானி ஹெச்-4 என்ற வீரியப் பருத்தியை வெளியிட்டார். வியாபார ரீதியில் உலகத்திலேயே முதல் வீரிய ஒட்டுப் பருத்தி அதுதான். இரண்டு ரகங்களைக் கலந்தால் பிறக்கிற பயிர் இரண்டையும்விட ஓங்கி வளருகிறது. ஆனால் பருத்திப்பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. மறுநாள் விரியப்போகிற மொட்டை முதல் நாள் மாலையிலேயே பிடித்து, கட்டைவிரல் நகத்தால் கீறி, மகரந்தப் பைகளை உரித்தெடுக்க வேண்டும். விடிந்ததும் வேறு ரகத்துப் பூவைக் கொண்டு வந்து அதன் சூல்முடியில் தடவ வேண்டும். ஒவ்வொரு பூவாக, ஒவ்வொரு செடியாக, மாதக்கணக்கில். இந்த நாட்டின் வீரியப் பருத்தி விதை இப்படித்தான் கையால் உண்டாக்கப்படுகிறது. யாருடைய கை? ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்த ஆயிரக்கணக்கான சிறுமிகளின் கை. சின்ன விரல், குறைந்த கூலி, எதிர்த்துப் பேசாத வாய். பூவின் உயரமும் சிறுமியின் உயரமும் ஒன்றாக இருப்பது வசதி என்று சொல்லிக்கொண்டார்கள்! அந்தச் சிறுமிகள் பூச்சி மருந்து அடித்த செடிக்குள்ளேயே நாள் முழுதும் நிற்கிறார்கள்.

அந்த விதையில் விளைந்ததை விவசாயி எடுத்து வைத்து மறுவருஷம் விதைத்தால், வீரியம் கலைந்து போகிறது. வருஷா வருஷம் கடைக்குப் போகத்தான் வேண்டும். 2002ல் பி.டி. பருத்தி வந்த பிறகு 450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. 2006ல் ஆந்திர சர்க்கார் வழக்காடிய பிறகு 750 ரூபாய்க்கு இறங்கியது. விலையில் பாதிக்கு மேல் எதற்காக வாங்கினார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டையும் பருத்தியையும் பற்றிக் கேட்கும்போது இன்னும் பெருகட்டும் என்று கேட்டவர்கள், கூலிக்காரனைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் ஏன் இவ்வளவு பெருகுகிறான் என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் பேர்போனவர் மால்தஸ் பாதிரியார். ஜனத்தொகை உணவைவிட வேகமாகப் பெருகும், பஞ்சமும் நோயும்தான் அதைக் கட்டுப்படுத்தும் என்று 1798ல் புத்தகம் போட்டார். அவர் எங்கே உத்தியோகம் பார்த்தார் தெரியுமா? இந்தியாவை ஆள வருகிற அதிகாரிகளுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய கல்லூரியில், 1805லிருந்து 1834ல் சாகும் வரை பேராசிரியர். அந்தப் பாடத்தின் விளைவை மதராஸ் மாகாணம் பார்த்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் துரை கூலியை வெட்டினார். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதில் மண் சுமக்கிற மனிதன் பிழைக்க முடியாது என்று மாகாண சுகாதார அதிகாரி கார்னிஷ் மன்றாடினார். அந்தச் சண்டையில் கார்னிஷ் சொன்னதுதான் விஞ்ஞானம். டெம்பிள் சொன்னது கஜானாக் கணக்கு.

வெள்ளைக்காரன் போன பிறகும் கேள்வி மாறவில்லை. 1951 ஜனத்தொகைக் கணக்கெடுப்பின் கமிஷனர் ஆர்.ஏ. கோபாலசுவாமி. ஏற்கெனவே மூன்று அல்லது அதற்கு மேல் பெற்று, ஒன்றாவது உயிரோடிருக்க, மறுபடியும் பெறுவதற்கு 'முன்யோசனையற்ற தாய்மை' என்று பெயர் வைத்தார். மூன்று பெற்று இரண்டைப் பறிகொடுத்த தாயும் இதில் அடக்கம். பிறகு அவரே மதராஸ் ராஜ்யத்துக்குத் தலைமைச் செயலாளராக வந்தார். 1950களின் பிற்பகுதியில் இங்கே கருத்தடை செய்துகொள்கிறவருக்குப் பணம், ஆள் கூட்டி வருகிறவருக்கும் பணம் என்று ஏற்பாடாயிற்று. மாட்டுச் சந்தைத் தரகு மனிதருக்கும் வந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பெயர் சொல்வது?

அதே சமயத்தில் பஞ்சாபில் லூதியானா ஜில்லாக் கிராமங்களில் அமெரிக்க ஹார்வர்ட் சர்வகலாசாலை ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தது. வீடு வீடாகக் கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். ஜனங்களும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பிறப்பு குறையவில்லை. 1970ல் மஹ்மூத் மம்தானி என்ற இளைஞர் அந்தக் கிராமங்களில் ஒன்றுக்குப் போய் விசாரித்தார். வீடு தேடி வந்தவர்களைப் புண்படுத்தக் கூடாதே என்று மாத்திரையை வாங்கியிருக்கிறார்கள், பயன்படுத்தவில்லை! பிள்ளைகள் வயலில் உழைத்ததால்தான் அந்த ஏழைகளின் அடுப்பு எரிந்தது. வயதான காலத்தில் சோறு போட மகனைத் தவிர வேறு நாதியில்லை. அதை அந்த ஆராய்ச்சி கேட்கவே இல்லை.

எமர்ஜென்சியில் மாத்திரை போய்க் கத்தி வந்தது. 1976-77ம் ஆண்டில் மட்டும் 82 லட்சம் பேருக்கு அறுவை. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1,774 பேர் செத்ததாக ஷா கமிஷன் எழுதியது. ஜனங்கள் கொதித்தார்கள், ஆட்சி கவிழ்ந்தது. பிறகு நடந்தது என்ன? கத்தி ஆணை விட்டுவிட்டுப் பெண் பக்கம் திரும்பியது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது நூற்றுக்கு அரைப் பேர்கூட இல்லை. 2014ல் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களை அறுத்துத் தள்ளினார்; பன்னிரண்டு பேருக்கு மேல் இறந்தார்கள். இப்படிப்பட்ட முகாம்களுக்கு முடிவு கட்டச் சொல்லி 2016ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. இங்கே கூடியிருக்கிற ஆண் தோழர்களும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஆணுக்கு அது சிறிய அறுவை.

கத்தியும் காசும் செய்யாததை வேறொன்று செய்தது. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளை. ஜனத்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும் என்பார்கள். அதே ஆண்டில் பிறந்த குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை ஆயிரத்துக்கு 13. பெற்றது பிழைக்கும் என்ற தைரியம் வந்தது. ஊரில் ஆரம்ப சுகாதார நிலையமும் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறும் வந்தன. பெண் பிள்ளைகள் படித்தார்கள், கல்யாண வயது ஏறியது. பிறப்பு தானாக இறங்கியது.

இப்போது காற்று திரும்புகிறது. 2024 அக்டோபரில் சென்னையில் ஒரு திருமண விழாவில், பார்லிமெண்ட் தொகுதி குறையும் என்ற நிலையில் ஏன் பதினாறு பெறக்கூடாது என்று எண்ணத் தோன்றுவதாக அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின் பேசினார். அவர் சொன்ன தொகுதிக் கவலை நியாயமானதுதான். ஆனால் அதைத் தீர்க்க வேண்டிய இடம் பார்லிமெண்ட்; பிரசவ வார்டு இல்லை. ஆந்திரத்தில் 1994லிருந்து இரண்டுக்கு மேல் பெற்றவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது. 2024ல் அதை நீக்கிவிட்டு, நிறையப் பெறுங்கள் என்கிறார்கள். பெறாதே என்றபோதும், பெறு என்கிறபோதும், பெறுகிறவரை யாரும் கேட்கவில்லை.

தொழிலாளிகளே கேள்வி கேட்ட சந்தர்ப்பமும் உண்டு. 1977ல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் லாத்ரப் என்ற ஊரில், புழுக்கொல்லி மருந்து தயாரிக்கும் ஆலை ஒன்று. அங்கே வேலை செய்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கவனித்தார்கள்: நம்மில் யாருக்குமே சமீபத்தில் பிள்ளை பிறக்கவில்லையே! ஒவ்வொருவரும் அதுவரை தன் குறை என்றோ, மனைவியின் குறை என்றோ நினைத்து வாயைத் திறக்காமல் இருந்தவர்கள். சங்கத்தின் மூலம் பரிசோதனை கேட்டார்கள். பலருக்கு விந்தில் உயிரணுவே இல்லை. டி.பி.சி.பி. என்ற அந்த மருந்து எலிகளின் விதையைச் சுருக்குகிறது என்பதை அதைத் தயாரித்த டவ், ஷெல் கம்பெனிகளின் விஞ்ஞானிகள் 1961லேயே கண்டு எழுதி வைத்திருந்தார்கள். பதினாறு வருஷம்! அமெரிக்காவில் அதற்குக் கட்டுப்பாடு வந்த பிறகும் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களுக்கு அது போய்க்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளிகள் மலடாகி, நியாயம் கேட்டு ஆண்டுக்கணக்கில் கோர்ட் படி ஏறினார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2019ல் ஒரு செய்தி நிறுவனம் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் பேசியது. மாதவிலக்கு வலி என்றால் லீவு இல்லை. மேஸ்திரி பெயர் எழுதாத மாத்திரை ஒன்றைக் கொடுப்பார், விழுங்கிவிட்டு மிஷினுக்குப் போக வேண்டும். விலக்கு தப்பிப் போனது, கரு கலைந்தது என்றெல்லாம் அவர்கள் சொன்னார்கள். அந்தப் பெண்களும் அதுவரை தன் உடம்பின் கோளாறு என்றுதான் நினைத்திருந்தார்கள்.

சகோதரிகளே, 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. கான்டிராக்டில் நூற்பவருக்கு அது எத்தனை நாள் கிடைக்கிறது? நடவுக் கூலிக்காரிக்கு யார் தருகிறார்கள்? கைத்தெளிப்பானில் மருந்தடிக்கிற தோழர்களே, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதுமா? ராத்திரி ஷிப்டில் நிற்கிற பெண்களில் எத்தனை பேருக்குக் கரு தங்கவில்லை? இதை யாரும் எண்ணி வைக்கவில்லை. நாம்தான் எண்ண வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் உடனே கலைந்துவிடாதீர்கள். மேடைக்குப் பக்கத்தில் இரண்டு நோட்டு வைத்திருக்கிறோம். பெண்கள் நோட்டைப் பெண் தோழர்தான் எழுதுவார். பெயர் வேண்டியதில்லை. எந்த வேலை, எத்தனை வருஷம், என்ன மருந்து, என்ன மாத்திரை, என்ன கஷ்டம் என்று மட்டும் சொல்லுங்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது.