குறைத்த வரியும் குறைக்காத வரியும்

வளரும் நாடுகளுக்கிடையே நடக்கும் வணிகத்தில் சுங்க வரிக் குறைப்பு என்ன செய்திருக்கிறது என்று ஆராயவே இந்த மாநாடு கூடியிருக்கிறது.

இத்துறையின் கட்டுரைகளில் ஒரு வாய்பாடு வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தத்துக்கு முன் வணிகம் இவ்வளவு, பின் இவ்வளவு. ஆகவே பலன் இவ்வளவு. இந்தக் கணக்கு போதாது என்பதே என் வாதம். கூட்டாளி நாட்டுக்கு நாம் குறைத்த வரியோடு, மற்ற நாடுகளுக்கு நாம் குறைக்காமல் வைத்திருக்கும் வரியும் சேர்ந்தே வணிகத்தை நகர்த்துகிறது. இந்த இரண்டு வரிகளுக்கும் இடையிலான இடைவெளியை அளக்காமல் பலனை அளக்க முடியாது.

இந்திய - இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தைப் பாருங்கள். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு இலங்கை இந்தியாவுக்கு அனுப்பிய சரக்கின் மதிப்பு 6 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. 2005-இல் அது சுமார் 56 கோடி டாலர். மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவர் இதைப் பெரும் வெற்றி என்றே எழுதுவார்.

சரக்குப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு செம்புக்கும் வனஸ்பதிக்கும் உரியது. வனஸ்பதிக்கான பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. அப்போது பாமாயிலுக்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. இலங்கை ஆலையில் அதை வனஸ்பதியாக்கி அனுப்பினால் இந்தியத் துறைமுகத்தில் வரியே இல்லை. உள்நாட்டில் 35 சதவீத மதிப்புக் கூட்டல் வேண்டும், சுங்கப் பட்டியலில் நான்கிலக்கத் தலைப்பு மாற வேண்டும் என்று ஒப்பந்தம் விதித்திருந்தது. எண்ணெய்க்கு ஒரு தலைப்பு, வனஸ்பதிக்கு வேறு தலைப்பு, தலைப்பு விதி நிறைவேறிவிட்டது. வணிகம் உருவாதல், வணிகம் திசைமாறுதல் என்று 1950-இல் பொருளியலாளர் ஜேக்கப் வைனர் பிரித்துக்காட்டியதை நாம் வகுப்பில் நடத்துகிறோம். இங்கே எண்ணெய் பிறந்த நாடும் மாறவில்லை, உண்ட நாடும் மாறவில்லை. வந்த வழிதான் மாறியது.

பிறகு நடந்தது இதைவிடத் தெளிவான பாடம். இந்திய வனஸ்பதி ஆலைக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு வந்தது. 2008-இல் விலைவாசியைக் கட்டுப்படுத்த இந்தியா கச்சா சமையல் எண்ணெய் மீதான இறக்குமதி வரியை எல்லா நாடுகளுக்கும் நீக்கியது. வரி இடைவெளி போனதும் கொழும்பு வழியாகச் சுற்றி வரவேண்டிய அவசியமும் போயிற்று. உலகப் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2009-இல் இந்தியாவுக்கான இலங்கையின் மொத்த ஏற்றுமதி 35 கோடி டாலருக்குக் கீழே இறங்கியது.

மறுபக்கம், இலங்கை உண்மையிலேயே கைதேர்ந்த பொருட்களுக்கு என்ன கிடைத்தது? தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரைதான் சலுகை. அதுவும் தொடக்கத்தில் கொச்சி, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும். ஆடைகளில் 80 லட்சம் உருப்படிகள். அவற்றில் 60 லட்சம், தொடக்கத்தில், இந்தியத் துணியில் தைத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒதுக்கீடுகூட முழுதாகப் பயன்படவில்லை. எதிர்த்திசையிலும் கவனியுங்கள்: கொழும்புத் தெருக்களை நிறைத்த இந்திய ஆட்டோக்கள் ஒப்பந்தச் சலுகையால் போனவை அல்ல. வாகனங்கள் இலங்கையின் விலக்குப் பட்டியலில் இருந்தன. விலைக்கும் தேவைக்கும் பொருந்தியதால் விற்றன.

பெரிய ஏற்பாடுகளிலும் இதே கேள்வி எழுகிறது. வளரும் நாடுகள் தமக்குள் வரிச் சலுகை கொடுத்துக்கொள்ள 1988-இல் பெல்கிரேடில் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன் கீழ் நடந்த சாவோ பாவ்லோ பேச்சுவார்த்தைச் சுற்று 2010-இல் முடிந்தபோது, வரியுள்ள பொருட்களில் 70 சதவீதத்துக்கு, வரியில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பதாக முடிவானது. அதாவது 10 சதவீத வரி 8 ஆகும். அந்த இரண்டு புள்ளிக்காக உற்பத்தி நாட்டுச் சான்றிதழுக்கு எந்தச் சிறு ஏற்றுமதியாளர் அலைவார்? 2021 ஜனவரியில் வணிகம் தொடங்கிய ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதியிலும் பொருளின் பிறப்பிடத்தைத் தீர்மானிக்கும் விதிகளே நீண்ட பேச்சுவார்த்தைக்குக் காரணமாயின. வரியை எழுதுவது எளிது. யாருடைய பொருளுக்கு அது செல்லும் என்று எழுதுவதே கடினம்.

இதனால் வரிக் குறைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. எல்லா நாடுகளுக்கும் பொதுவாக வரி குறைவாக உள்ள துறையில் சலுகைக்கு வேலை குறைவு. பொது வரி உயர்ந்திருக்கும் துறையில் சலுகை ஆலையையும் வளர்க்கும், குறுக்குவழியையும் வளர்க்கும். எது வளர்ந்தது என்று பிரித்துச் சொல்வது ஆய்வாளர் கடமை.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். மொத்தத் தொகையோடு நிற்காமல் பொருள்வாரியாக ஆராயுங்கள். சலுகையைக் கோரிச் சென்ற சரக்கையும், சலுகை கோராமலே சென்ற சரக்கையும் தனித்தனியே காட்டுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒப்பந்த வரியின் பக்கத்தில் பொது வரியையும் எழுதுங்கள். இந்த மூன்றும் உள்ள ஆய்வைத்தான் அடுத்த பேச்சுவார்த்தை மேசைக்கு எந்த அதிகாரியும் நம்பி எடுத்துச் செல்ல முடியும். அத்தகைய விவாதங்களை எதிர்பார்த்து, மாநாட்டைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.